காரணி மதிப்பெண் மாறவில்லை என்றால் பயிற்சி பலனளிக்கவில்லை என்று பொருளா?

பணியிட மன அழுத்தம் குறித்து முனைவர் பட்ட ஆய்வு செய்துவரும் வாசகர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவரையும் அவர் ஆய்வு நடத்திய நிறுவனத்தையும் அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு, கடிதத்தின் சாரத்தை முதலில் தருகிறேன்.

ஐந்து புள்ளி அளவுகோலில் பதிலளிக்க வேண்டிய 24 கூற்றுகள் கொண்ட வினாப்பட்டியல் ஒன்றை அவர் 312 ஊழியர்களிடம் கொடுத்துப் பதில் பெற்றிருக்கிறார். பிறகு எட்டு வார மன அழுத்தக் குறைப்புப் பயிற்சி நடந்திருக்கிறது. அது முடிந்தபின் அதே வினாப்பட்டியலுக்கு 286 பேர் மீண்டும் பதிலளித்திருக்கிறார்கள். பதில்களை எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளியியல் மென்பொருளில் ஏற்றி, மென்பொருள் தானாக வைத்திருக்கும் இயல்பமைப்புகளுடன், வாரிமாக்ஸ் சுழற்சியை (காரணிகளைத் தெளிவாகப் பிரித்துக் காட்ட உதவும் ஒரு கணக்கு) மட்டும் தேர்ந்தெடுத்துக் காரணிப் பகுப்பாய்வு, அதாவது ஒன்றாகச் சேர்ந்து ஏறி இறங்கும் கூற்றுகளுக்குப் பின்னே உள்ள பொதுவான காரணிகளைத் தேடும் பகுப்பாய்வு, செய்திருக்கிறார். பணிச்சுமை, சக ஊழியர் உறவு, வேலை நிலைக்குமா என்ற அச்சம் என மூன்று காரணிகள் கிடைத்தன. அவற்றில் முறையே 11, 10, 3 கூற்றுகள் அடங்கின. ஒவ்வொருவரும் ஒவ்வொரு காரணியிலும் எங்கே நிற்கிறார் என்று காட்டும் காரணி மதிப்பெண்களைச் சேமித்து, பயிற்சிக்கு முந்தைய மதிப்பெண்ணையும் பிந்தைய மதிப்பெண்ணையும் ஒப்பிட்டபோது வேறுபாடு ஏறத்தாழ பூஜ்யமாக வந்தது. பி மதிப்பு (உண்மையில் மாற்றமே இல்லாவிட்டாலும் இவ்வளவோ இதைவிட அதிகமோ வேறுபாடு தற்செயலாக வரும் வாய்ப்பு) 0.95ஐத் தாண்டியது. "மூன்று ஆண்டு உழைப்பு வீணாகிவிட்டது என்று தோன்றுகிறது. ஆனால் 24 கூற்றுகளையும் வெறுமனே கூட்டிப் பார்த்தால் சராசரி 71இலிருந்து 65ஆகக் குறைந்திருக்கிறது. எதை நம்புவது?" என்று கேட்கிறார்.

அவருடைய குழப்பம் அத்துடன் நிற்கவில்லை. ரிக்ரெஷன், பார்ட்லெட், ஆண்டர்சன்–ரூபின் என்ற மூன்று மதிப்பீட்டு முறைகளையும் முயன்றபோது எண்கள் கடைசித் தசமம் வரை ஒன்றாகவே இருந்தன. மூன்று காரணிகளுக்கும் இடையே ஒட்டுறவு (இரண்டு அளவுகள் எந்த அளவுக்குச் சேர்ந்து மாறுகின்றன என்பது) துல்லியமாக பூஜ்யம் என்று வந்ததை, 'பணிச்சுமைக்கும் உறவுச் சிக்கலுக்கும் தொடர்பில்லை' என்ற முடிவாக ஆய்வேட்டில் எழுதிவிட்டார். முதல் சுற்றில் 58 பேருக்கு மதிப்பெண்ணே வரவில்லை. பாதிப் பேரின் மதிப்பெண்கள் எதிர்மறையாக இருக்கின்றன. கூட்டுத்தொகை போதும் என்கிறார் நெறியாளர்; காரணி மதிப்பெண்தான் அறிவியல் பூர்வமானது என்கிறார்கள் உடன் ஆய்வு செய்பவர்கள். கடைசியாக, ஆய்வுக்கு அனுமதி தந்த நிர்வாகம் 'மன அழுத்தம் மிக அதிகமாக உள்ள இருபது பேரின் பெயர்ப் பட்டியலை' கேட்கிறது.

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் உழைப்பு வீணாகவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தரவு பத்திரமாக இருக்கிறது. கணக்கைத்தான் மறுபடி போட வேண்டும். உங்களை வாட்டும் விந்தைகளில் பெரும்பாலானவற்றுக்கு ஒரே வேர்தான். காரணி மதிப்பெண் என்பது ஊழியர்களிடமிருந்து நேராக வந்த அளவு அல்ல. ஒரு மாதிரியை, அதாவது பதில்கள் எப்படி உருவாயின என்ற கணித விளக்கத்தை, வைத்து மென்பொருள் கட்டிய மதிப்பீடு. அதில் சில பண்புகள் தரவிலிருந்து வருகின்றன, சில பண்புகளை மென்பொருளே விதித்துவிடுகிறது. விதிக்கப்பட்டதைக் கண்டறிந்ததாகப் படித்துவிட்டதுதான் இங்கே நேர்ந்தது.

பயிற்சிக்கு முன்னும் பின்னும்

எஸ்பிஎஸ்எஸ் சேமித்துத் தரும் காரணி மதிப்பெண்களுக்கு, பகுப்பாய்வில் இடம்பெற்ற குழுவின் சராசரி எப்போதும் பூஜ்யமாகவே அமையும். அப்படி அமையும்படிதான் அவை கணக்கிடப்படுகின்றன. எனவே ஒருவரின் மதிப்பெண் எதிர்மறையாக இருந்தால் அவருக்கு மன அழுத்தம் இல்லை என்று பொருளாகாது. அந்தக் குழுவின் சராசரிக்குக் கீழே இருக்கிறார் என்பது மட்டுமே பொருள். பாதிப் பேர் கீழே இருப்பது இயல்பு.

நீங்கள் முதல் சுற்றுக் கோப்பைத் தனியாகவும் இரண்டாம் சுற்றுக் கோப்பைத் தனியாகவும் பகுப்பாய்வு செய்திருக்கிறீர்கள். முதல் சுற்றின் சராசரி பூஜ்யமாக வைக்கப்பட்டது. இரண்டாம் சுற்றின் சராசரியும் மறுபடி பூஜ்யமாக வைக்கப்பட்டது. ஒவ்வோர் ஆண்டும் குழந்தையின் தலையுச்சியையே பூஜ்யம் என்று குறித்துக்கொண்டு அளந்தால் பிள்ளை வளரவே இல்லை என்றுதான் தெரியும். பயிற்சி அழுத்தத்தைப் பாதியாகக் குறைத்திருந்தாலும் இருமடங்காக்கியிருந்தாலும் உங்கள் கணக்கு இதே விடையைத்தான் தந்திருக்கும். மிகச் சிறிய வேறுபாடு எஞ்சியது கூட, இரண்டு சுற்றிலும் பதிலளித்தவர்கள் மட்டும் ஒப்பீட்டில் சேர்ந்ததால் வந்ததே தவிர, பயிற்சியைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை.

இதைச் சரிசெய்ய மூன்று வழிகள் உண்டு. எளிமையானது, முதல் சுற்றின் அளவுகோலை இரண்டாம் சுற்றுக்கும் பயன்படுத்துவது. முதல் சுற்றுப் பகுப்பாய்வில் காரணி மதிப்பெண் கெழு (ஒவ்வொரு கூற்றுக்கும் உரிய எடை) அட்டவணையைக் காட்டும்படி மென்பொருளிடம் கேளுங்கள். இரண்டாம் சுற்றில் ஒவ்வொரு பதிலிலிருந்தும் அந்தக் கூற்றின் முதல் சுற்றுச் சராசரியைக் கழித்து, முதல் சுற்றுத் திட்ட விலக்கத்தால் (பதில்களின் பரவலைக் காட்டும் எண்) வகுத்து, அந்தக் கெழுவால் பெருக்கிக் கூட்டினால் இரு சுற்றுகளும் ஒரே அளவுகோலில் வந்துவிடும். ஆர் என்ற புள்ளியியல் மென்பொருளின் லவான் தொகுப்பில் இதை இன்னும் எளிதாகச் செய்யலாம். முதல் சுற்றில் பொருத்திய மாதிரியை வைத்துப் புதிய தரவுக்கு மதிப்பெண் கணக்கிடும் வசதி அதன் லவ்பிரெடிக்ட் செயற்கூறில் இருக்கிறது.

இரண்டாவது வழி, இரண்டு சுற்றுகளையும் ஒரே மாதிரிக்குள் வைப்பது. காரணிச் சுமைகளும் (ஒவ்வொரு கூற்றும் காரணியோடு எவ்வளவு பிணைந்திருக்கிறது என்ற எண்கள்) கூற்றுகளின் வெட்டுமதிப்புகளும் (காரணி பூஜ்யமாக இருக்கும்போது எதிர்பார்க்கும் பதில்கள்) இரு சுற்றிலும் சமம் என்று கட்டுப்படுத்தி, முதல் சுற்றின் காரணிச் சராசரியைப் பூஜ்யமாக வைத்து, இரண்டாம் சுற்றின் சராசரியைச் சுதந்திரமாக மதிப்பிட விடுங்கள். அந்தச் சராசரிதான் நீங்கள் தேடும் மாற்றம். ஆய்வேட்டுக்கு நான் பரிந்துரைப்பது இதையே. 'ஊழியர்கள் மாறினார்களா, அல்லது கூற்றுகளை அவர்கள் புரிந்துகொள்ளும் விதம் மாறியதா' என்ற கேள்வியையும் இது சோதித்துவிடும். பயிற்சி வகுப்பில் மன அழுத்தம் பற்றி எட்டு வாரம் கேட்டவர், 'நான் பதற்றமாக உணர்கிறேன்' என்ற கூற்றை முன்பு போலவே படிப்பார் என்று நாமாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆண், பெண் ஒப்பீடு செய்வதாக இருந்தாலும் இதே சமத்துவச் சோதனை தேவை; கோப்பைப் பிரித்துத் தனித்தனியாக மதிப்பெண் எடுத்தால் அங்கேயும் இரு குழுவின் சராசரியும் பூஜ்யமாகிவிடும்.

மூன்றாவது வழி உங்கள் நெறியாளர் சொன்ன கூட்டுத்தொகை. 71 என்பதும் 65 என்பதும் ஒரே அளவுகோலில் உள்ள எண்கள். ஆகவே இந்தக் குறிப்பிட்ட கேள்வியில் அவற்றை நம்பலாம். ஆனால் அழுத்தம் குறைந்ததற்குக் காரணம் பயிற்சிதான் என்று எழுதுவதற்கு முன் ஒன்றைப் பாருங்கள்: பயிற்சி பெறாத ஒப்பீட்டுக் குழு உங்கள் ஆய்வில் இருந்ததா? கடிதம் அதைச் சொல்லவில்லை. இல்லாவிட்டால், மாற்றம் நிகழ்ந்தது என்று எழுதலாம். அதற்குக் காரணம் பயிற்சி என்று எழுத முடியாது.

இன்னொரு சிறு எச்சரிக்கை. ஒரு காரணியின் எல்லாச் சுமைகளின் குறியையும் ஒரே நேரத்தில் மாற்றினாலும் மாதிரியின் பொருத்தம் மாறாது என்பதால், ஒரு கோப்பில் அதிக மதிப்பெண் அதிக அழுத்தத்தையும், மற்றொன்றில் குறைந்த அழுத்தத்தையும் காட்டக்கூடும். சுமை அட்டவணையின் குறிகளைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

மூன்று முறைகளும் ஒரே எண்ணைத் தந்தது ஏன்

மென்பொருள் பழுதாகவில்லை. எஸ்பிஎஸ்எஸ்ஸின் காரணிப் பகுப்பாய்வுப் பகுதியில் இயல்பமைப்பாக இருப்பது முதன்மைக் கூறு முறை. நீங்கள் அதை மாற்றாமல் விட்டதால், செய்தது காரணிப் பகுப்பாய்வே அல்ல. முதன்மைக் கூறுப் பகுப்பாய்வு. முதன்மைக் கூறு என்பது பதில்களின் நேரடிக் கூட்டுக்கணக்கு. அதில் மதிப்பிட வேண்டிய மறைபொருள் எதுவும் இல்லை என்பதால் மூன்று முறைகளும் ஒரே இடத்துக்கு வந்துசேரும். பொதுக் காரணி மாதிரி அப்படிப்பட்டதல்ல. ஒவ்வொரு பதிலிலும் பொதுக் காரணியின் பங்கு ஒன்று, அந்தக் கூற்றுக்கே உரிய பங்கும் பிழையும் சேர்ந்த இன்னொன்று என்று அது பிரிக்கிறது. 24 பதில்களை வைத்துக்கொண்டு, கண்ணுக்குத் தெரியாத மூன்று காரணிகளையும் 24 தனிப் பங்குகளையும் ஒருசேரத் தீர்மானிக்க வழியில்லை. அதனால்தான் மதிப்பீடு தேவைப்படுகிறது. அதனால்தான் வெவ்வேறு முறைகள் வெவ்வேறு எண்களைத் தருகின்றன.

வினாப்பட்டியலின் பின்னே மன அழுத்தம் என்ற மறைபொருள் இருக்கிறது, பதில்கள் அதன் வெளிப்பாடு என்பதுதான் உங்கள் ஆய்வின் கருத்து. அப்படியானால் காரணிகளைப் பிரித்தெடுக்கும் முறையை முதன்மை அச்சு முறை அல்லது மீப்பெரு நிகழ்வாய்ப்பு முறை என்று மாற்றுங்கள். மாற்றியதும் சுமைகள் குறையும், அதிர்ச்சியடைய வேண்டாம். உங்கள் மூன்றாம் காரணியில் உள்ள மூன்று கூற்றுகளின் சுமை 0.76 அளவில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அம்மூன்றையும் தனியாக எடுத்து, அவற்றிடையே ஒட்டுறவு ஒரே அளவு என்று கொண்டால், முதன்மைக் கூறு முறையில் 0.76 என்று தெரிவது பொதுக் காரணி முறையில் 0.6 அளவுக்கு இறங்கும். முன்பு இருந்ததுதான் மிகைக் கணக்கு.

காரணிகளுக்கு இடையே ஒட்டுறவு பூஜ்யம் என்று வந்ததும் இதே வகைதான். வாரிமாக்ஸ் என்பது காரணிகளை ஒன்றுக்கொன்று செங்குத்தாகவே வைத்துச் சுழற்றும் முறை. முதன்மைக் கூறுடன் அது சேரும்போது சேமித்த மதிப்பெண்களுக்கு இடையிலான ஒட்டுறவு துல்லியமாக பூஜ்யமாகத்தான் இருக்க முடியும். 'பணிச்சுமைக்கும் உறவுச் சிக்கலுக்கும் தொடர்பில்லை' என்ற வரியை ஆய்வேட்டிலிருந்து இன்றே நீக்கிவிடுங்கள். தேர்வாளர் ஒருவர் அதைக் கண்டால் மீதமுள்ள நல்ல பகுதிகளையும் ஐயத்துடனேயே படிப்பார். மன அழுத்தத்தின் கூறுகள் ஒன்றோடொன்று தொடர்புள்ளவை என்று எதிர்பார்ப்பதே இயற்கை. ஆப்ளிமின் அல்லது புரோமாக்ஸ் என்ற சாய்வுச் சுழற்சியைப் பயன்படுத்தினால் தொடர்பு எவ்வளவு என்பதைத் தரவே சொல்லும். உண்மையிலேயே தொடர்பு இல்லாவிட்டால் அதையும் சொல்லும்.

காரணிகளின் எண்ணிக்கையையும் ஒருமுறை சரிபாருங்கள். ஐகன் மதிப்பு (ஒரு காரணி விளக்கும் பரவலின் அளவு) ஒன்றைத் தாண்டியதையெல்லாம் காரணியாகக் கொள்ளும் விதி பெரும்பாலும் தேவைக்கு அதிகமான காரணிகளைத் தருகிறது. ஹார்ன் 1965இல் முன்வைத்த இணைப் பகுப்பாய்வு (தற்செயல் எண்களிலிருந்து கிடைக்கும் ஐகன் மதிப்புகளோடு ஒப்பிடும் முறை) அதைவிட நம்பகமானது. மூன்றே கூற்றுகள் கொண்ட உங்கள் மூன்றாம் காரணி அந்தச் சோதனையில் தேறுமா என்று பார்க்க வேண்டும்.

மதிப்பெண் வராத 58 பேர்

ஒரே ஒரு கூற்றை விட்டுவிட்டவரையும் முழுதாக நீக்கிவிடுவது இங்கே இயல்பமைப்பு. ஒவ்வொரு கூற்றையும் நூற்றுக்கு இரண்டு பேர் மட்டுமே, ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் விட்டிருந்தாலும், 24 கூற்றுகளுக்கும் பதில் எழுதியவர்கள் ஏறத்தாழ 62 சதவீதமாகக் குறைந்துவிடுவார்கள். அந்த வகையில் நீங்கள் இழந்தது குறைவுதான். ஆனால் யார் விட்டார்கள் என்பதே கேள்வி. மேலதிகாரியைப் பற்றிய கூற்றை அஞ்சி விட்டவர்கள் அதிக அழுத்தத்தில் இருப்பவர்களாக இருந்தால், அவர்களை நீக்கிய சராசரி உண்மையைவிடக் குறைவாகவே காட்டும். எஸ்பிஎஸ்எஸ்ஸில் இதற்கான தேர்வுப் பெட்டியில் உள்ள 'சராசரியால் நிரப்பு' என்ற வாய்ப்பை நாட வேண்டாம். அது பதில்களின் பரவலையும் ஒட்டுறவுகளையும் செயற்கையாகச் சுருக்கும். லவானில் முழுத் தகவல் மீப்பெரு நிகழ்வாய்ப்பு முறையைத் தேர்ந்தெடுத்தால், ஒருவர் அளித்த பதில்கள் அனைத்தும் பயன்படுத்தப்பட்டு அவருக்கும் மதிப்பெண் கிடைக்கும். பன்மடங்கு நிரப்புதலும் (விடுபட்ட இடங்களைப் பலமுறை வெவ்வேறாக நிரப்பி விடைகளைச் சேர்ப்பது) ஏற்கத்தக்கதே.

ஐந்து புள்ளிப் பதில்களைத் தொடர் எண்களாகக் கருதலாமா என்று போகிற போக்கில் கேட்டிருக்கிறீர்கள். பதில்கள் ஐந்து புள்ளிகளிலும் ஓரளவு பரவியிருந்தால் பெரிய தீங்கில்லை. பெரும்பாலோர் ஒரே ஓரத்தில் குவிந்த கூற்றுகள் இருந்தால் பாலிகோரிக் ஒட்டுறவை (வரிசைப்படி அமைந்த பதில்களுக்கான ஒட்டுறவு) அடிப்படையாகக் கொண்ட பகுப்பாய்வுக்கோ, சமேஜிமா 1969இல் முன்வைத்த படிநிலைப் பதில் மாதிரிக்கோ மாறுங்கள். பின்னதை ஆர் மென்பொருளின் மிர்ட் தொகுப்பில் செய்யலாம். ஒவ்வொருவரின் மதிப்பெண்ணோடும் அதற்குரிய திட்டப் பிழையையும் (மதிப்பெண் எவ்வளவு தவறக்கூடும் என்ற அளவு) அது தரும் என்பது எனக்கு அதில் மிகவும் பிடித்த அம்சம்.

கூட்டுத்தொகையா, காரணி மதிப்பெண்ணா

இந்த வழக்கில் இரு தரப்பிலும் நியாயம் உண்டு. கூட்டுத்தொகை மாதிரியே இல்லாத வெறும் கணக்கு என்று நினைப்பது தவறு. எல்லாக் கூற்றுகளும் சம எடை பெறத் தகுந்தவை என்ற கடுமையான மாதிரி அதனுள் ஒளிந்திருக்கிறது. காரணி மதிப்பெண் எப்போதும் மேலானது என்பதும் தவறு. அதன் எடைகள் உங்கள் 312 பேரிடமிருந்து வந்தவை, வேறொரு குழுவினரிடம் அவை மாறிவிடும், ஆகவே வேறொருவர் ஆய்வோடு உங்கள் எண்களை நேரடியாக ஒப்பிட முடியாது.

வேறுபாடு எப்போது பெரிதாகிறது என்று ஒரு கணக்கைப் பாருங்கள். ஒரு காரணியில் மூன்று கூற்றுகள், சுமைகள் 0.9, 0.6, 0.3 என்று கொள்வோம். காரணி மதிப்பெண்ணில் முதல் கூற்று மூன்றாவதைப்போல் ஏறத்தாழ 14 மடங்கு எடை பெறும். அந்த மதிப்பெண், உண்மைக் காரணியின் பரவற்படியில் (திட்ட விலக்கத்தின் வர்க்கம்) 83 சதவீதத்தைப் பிடிக்கிறது. சம எடைக் கூட்டுத்தொகை 65 சதவீதத்தை மட்டுமே பிடிக்கிறது. மாறாக உங்கள் முதல் காரணியில் 11 கூற்றுகளும் 0.7ஐ ஒட்டியே இருக்கின்றன. அங்கே இரண்டும் ஏறத்தாழ ஒன்றாகவே நடந்துகொள்ளும். அதற்காகச் சண்டையிட வேண்டியதில்லை.

எனவே என் கருத்து இது. வினாப்பட்டியல் ஏற்கெனவே வெளியிடப்பட்டு, மதிப்பெண் வழங்கும் விதிமுறை கையேட்டில் இருந்தால், அந்த விதிமுறையையே பின்பற்றுங்கள். அதில்தான் ஒப்பீட்டு அளவுகள் அமைந்திருக்கும். வினாப்பட்டியல் நீங்களே உருவாக்கியது என்றால், சுமைகள் ஒத்திருக்கும் முதல் இரு காரணிகளுக்கும் கூட்டுத்தொகையை விவரிப்புக்குப் பயன்படுத்திவிட்டு, கருதுகோள் சோதனைகளை மாதிரிக்குள்ளேயே நடத்துங்கள். கூட்டுவதற்கு முன் எதிர்மறைக் கூற்றுகளின் (ஒப்புக்கொண்டால் குறைந்த அழுத்தத்தைக் காட்டும் கூற்றுகள்) பதிலை ஆறிலிருந்து கழித்துத் திருப்பிக்கொள்ள மறக்க வேண்டாம். காரணி மதிப்பெண் எதிர்மறைச் சுமையால் அதைத் தானே கவனித்துக்கொள்ளும், கூட்டுத்தொகை கவனிக்காது.

அடுத்து என்ன செய்யப்போகிறீர்கள் என்பதைப் பொறுத்து

'எந்த முறை சிறந்தது' என்று கேட்டிருக்கிறீர்கள். மதிப்பெண்ணை எதற்குப் பயன்படுத்தப்போகிறீர்கள் என்று தெரியாமல் அதற்கு விடை சொல்ல இயலாது. தர்ஸ்டன் 1935இல் அளித்த ரிக்ரெஷன் முறை, காரணியுடன் மிக உயர்ந்த ஒட்டுறவு கொண்ட மதிப்பெண்ணைத் தரும். ஆனால் எல்லோரையும் சராசரியை நோக்கிச் சற்று இழுத்துவிடும். பார்ட்லெட்டின் 1937ஆம் ஆண்டு முறை அப்படி இழுக்காது. அதற்கு ஈடாகப் பிழையின் பரவல் கூடும். ஆண்டர்சன், ரூபின் இருவரும் 1956இல் தந்த முறை மதிப்பெண்களுக்கிடையே ஒட்டுறவே இல்லாதபடி செய்துவிடும். தொடர்புள்ள காரணிகளை ஆராயும் உங்களுக்கு அது பொருந்தாது.

மன அழுத்தம் பணி விலகல் எண்ணத்தை எவ்வளவு தூண்டுகிறது என்று பார்ப்பதும் உங்கள் நோக்கங்களுள் ஒன்று. அங்கே மன அழுத்த மதிப்பெண் காரண மாறி. ஸ்க்ரோண்டால், லாக்கே இருவரும் 2001இல் நிறுவிக் காட்டியபடி, காரண மாறியாக வரும் காரணிகளுக்கு ரிக்ரெஷன் மதிப்பெண்ணையும், விளைவு மாறியாக வரும் காரணிகளுக்குப் பார்ட்லெட் மதிப்பெண்ணையும் பயன்படுத்தினால் சாய்வுக் கெழு (காரண மாறி ஓர் அலகு கூடினால் விளைவு எவ்வளவு மாறும் என்ற எண்) பிறழாமல் கிடைக்கும். காரண மாறிகளான மூன்று காரணிகளையும் ஒரே மாதிரியில் சேர்த்தே மதிப்பிட வேண்டும். இடம் மாற்றினால் என்ன ஆகும்? சுமை 0.6 உள்ள மூன்று கூற்றுகளிலிருந்து பார்ட்லெட் மதிப்பெண் எடுத்து, அதை ஒரே காரண மாறியாக வைத்தால், 0.50ஆக இருக்க வேண்டிய சாய்வு 0.31ஆகத் தேய்ந்துவிடும். வயது, பணி அனுபவம் போன்ற மாறிகளும் சமன்பாட்டில் சேரும்போது இந்த விதி அப்படியே பொருந்தாது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

அதனால் மதிப்பெண் எடுத்து, பிறகு அதை ரிக்ரெஷன் சமன்பாட்டில் இடுவது என்ற இரண்டு படி வழியைவிட, அளவீட்டையும் தொடர்பையும் ஒரே கட்டமைப்புச் சமன்பாட்டு மாதிரியில் வைப்பதே மேல். அங்கே யாருக்கும் தனி மதிப்பெண் கணக்கிடத் தேவையே இல்லை. உங்களிடம் உள்ள எண்ணிக்கைக்கு அது எட்டக்கூடியதுதான். மதிப்பெண் தவிர்க்க முடியாத இடங்களில் மட்டும் அதை எடுங்கள். எந்தப் பிரித்தெடுக்கும் முறை, எந்தச் சுழற்சி, எந்த மதிப்பீட்டு முறை, விடுபட்ட பதில்களை என்ன செய்தீர்கள் என்பதை ஆய்வேட்டில் எழுதுங்கள்.

மதிப்பெண்ணின் உறுதியையும் சேர்த்து எழுதுங்கள். ரிக்ரெஷன் மதிப்பெண்ணின் பரவற்படியே அதைக் காட்டிக்கொடுக்கும். பொதுக் காரணி முறையில் சேமித்த மதிப்பெண்ணின் திட்ட விலக்கத்தை வர்க்கப்படுத்தினால், உண்மைக் காரணியில் எவ்வளவு பங்கை அது பிடித்திருக்கிறது என்று தெரியும். மேலே சொன்ன, சுமை 0.6 உள்ள மூன்று கூற்றுக் காரணிக்கு அந்தப் பங்கு 0.63. கட்மன் 1955இல் காட்டியது இன்னும் கவலை தரும் செய்தி: அந்தப் பங்கை இரட்டித்து ஒன்றைக் கழித்தால், தரவுக்கு ஒரே அளவு பொருந்தும் இரண்டு வெவ்வேறு மதிப்பெண் தொகுதிகளுக்கிடையே இருக்கக்கூடிய மிகக் குறைந்த ஒட்டுறவு கிடைக்கும். இங்கே அது 0.26. அதாவது ஒரு தொகுதியில் மேலே இருப்பவர், தரவுக்கு அதே அளவு பொருந்தும் இன்னொரு தொகுதியில் நடுவிலோ கீழேயோ இருக்கலாம்.

நிர்வாகம் கேட்கும் பட்டியல்

கட்மனின் அந்த எண்ணோடுதான் உங்கள் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். இருபது பேரின் பட்டியலைக் கொடுக்காதீர்கள்.

மதிப்பெண்ணின் தரத்தை மட்டும் பார்த்தாலே இது நியாயமல்ல. 11 கூற்றுகளும் 0.7 சுமையும் கொண்ட உங்கள் மிக வலுவான காரணியில்கூட, ஒரு தனிமனிதரின் மதிப்பெண்ணைச் சுற்றி 95 சதவீத இடைவெளி இருபுறமும் ஏறத்தாழ 0.6 திட்ட விலக்கம் வரை விரியும். மூன்று கூற்றுக் காரணியில் அது 1.2 வரை போகும். இருபதாம் இடத்தில் இருப்பவரையும் நாற்பதாம் இடத்தில் இருப்பவரையும் இந்த அளவுகோலால் பிரித்தறிய முடியாது. குழுச் சராசரிகளில் இந்தப் பிழைகள் பெரும்பாலும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும். தனி ஆளில் ஈடுசெய்ய யாரும் இல்லை. தவிர, இது இந்தக் குழுவுக்குள்ளான வரிசை மட்டுமே. எந்த மதிப்பெண்ணுக்கு மேல் ஒருவருக்கு உதவி தேவை என்பதை வெளிச் சான்றோடு ஒப்பிட்டு நிறுவாதவரை, மேலே இருப்பவர் நோயாளி என்றோ கீழே இருப்பவர் நலமாக இருக்கிறார் என்றோ சொல்ல உங்களுக்கு ஆதாரமில்லை.

அதைவிடப் பெரிய காரணம், நீங்கள் கொடுத்த வாக்கு. 'பதில்கள் தொகுப்பாக மட்டுமே வெளியிடப்படும்' என்று ஒப்புதல் படிவத்தில் எழுதியிருந்ததாக நீங்களே சொல்கிறீர்கள். அதை நம்பித்தான் அந்த ஊழியர்கள் தங்கள் மேலதிகாரியைப் பற்றியும் வேலை போய்விடுமோ என்ற பயத்தைப் பற்றியும் வெளிப்படையாகப் பதிலளித்தார்கள். அந்தப் பதில் அவர்களுடைய உரிமை. ஆய்வுக்கு அனுமதி தந்ததால் அது நிர்வாகத்தின் சொத்தாகிவிடாது. நிர்வாகத்தின் நோக்கம் நல்லதாகவே இருக்கலாம். இருந்தாலும் பட்டியலில் பெயர் வந்தவருக்குப் பதவி உயர்வு தள்ளிப்போனால் அதைத் திருத்த உங்களால் இயலாது.

மறுப்பதை நீங்கள் தனியாகச் சுமக்கவும் வேண்டாம். நெறியாளரிடமும் உங்கள் பல்கலைக்கழகத்தின் அறநெறிக் குழுவிடமும் இந்தக் கோரிக்கையை எழுத்தில் தெரிவித்து, அவர்களுடைய பதிலையும் எழுத்திலேயே பெறுங்கள். அதை இணைத்து நிர்வாகத்துக்கு மரியாதையான கடிதம் ஒன்று அனுப்புங்கள்: ஒப்புதல் படிவத்தின் படி தனிநபர் விவரம் தர இயலாது, துறைவாரியான சராசரிகளை, ஆள் எண்ணிக்கை மிகக் குறைவாக உள்ள துறைகளை ஒன்றாகச் சேர்த்து, தர இயலும், ஆலோசனை உதவியை எல்லா ஊழியர்களுக்கும் பொதுவாக அறிவித்தால், தேவைப்படுபவர் தாமே நாடிவர வழி ஏற்படும். தம் மதிப்பெண்ணைத் தாமே அறிய விரும்பும் ஊழியர்களுக்கு, அறநெறிக் குழு அனுமதித்தால், அதன் இடைவெளியோடு சேர்த்து அவருக்கு மட்டும் தெரிவிக்கலாம். பெயர்களையும் குறியீட்டு எண்களையும் இணைக்கும் கோப்பு நிறுவனத்தின் கணினி எதிலாவது இருந்தால், இந்தக் கடிதத்தை அனுப்புவதற்கு முன்பே அதை அங்கிருந்து அகற்றி, கடவுச்சொல்லிட்டு உங்கள் பொறுப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.